கதவு சாத்தாத குடும்பம்

ஷுஷானிக் உள்ளே வந்தபோது கதவைத் திறந்தது திறந்தபடி விட்டாள். ரொட்டிப் பொட்டலத்தை மேசையில் வைத்துவிட்டு வெளியே போனபோதும் அப்படியேதான் விட்டாள். மூன்று நாளாக இதே கூத்து. மலைக்காற்று தகரக் கொட்டகைக்குள் புகுந்து மாடக்கண்ணுவின் முழங்காலைப் பிடித்தது.

“ஏ கெழவி, ஒனக்குக் கை இல்லையா? கதவச் சாத்திட்டுப் போ.”

பாதி தமிழ், பாதி ஆர்மீனியம். ஆனாலும் எல்லாருக்கும் புரிந்துவிட்டது. காப்பி குடித்துக்கொண்டிருந்த லெவோன் கோப்பையை நடுவழியில் நிறுத்தினார். அவர் இந்தக் கோட்டைக்கு அதிகாரி, நகரசபையிலும் ஒரு உறுப்பினர், கோட்டையின் சரித்திரத்தைப் புத்தகமாக எழுதியவர். தன் ஒலி இயந்திரத்தின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த டாக்டர் எஸ்தர் பொன்மலர் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

ஷுஷானிக் வாசலில் நின்று திரும்பினாள். எழுபது வயது. கழுத்து வரை பித்தான் போட்ட கறுப்புக் கோட்டு.

“கை இருக்கு, வார்பெத். சாத்தத்தான் கூடாது,” என்று சொல்லிவிட்டுப் போனாள். வார்பெத் என்றால் அங்கே மேஸ்திரி.

லெவோன் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். அவர் முகத்தில் ஒன்றுமில்லை. சட்டையில் விழுந்த தூசியைத் தட்டிவிடுகிறவன் முகம் அது.

அவர் போன பிறகு மாடக்கண்ணு கேட்டார். “அந்தம்மாவுக்கு என்ன, புத்தி கித்தி சரியில்லையா?”

“சும்மா கெடங்க அண்ணாச்சி,” என்றாள் எஸ்தர். அவள் நாசரேத்துக்காரி, மாடக்கண்ணு திசையன்விளைப் பக்கம். ஆகையால் இரண்டு பேரும் தனியாக இருக்கும்போது ஊர்ப் பேச்சுதான். “அந்தக் குடும்பத்து ஆளுக எந்தக் கதவையும் சாத்தக் கூடாதாம். எண்ணூறு வருசமா அப்படியாம். டாக்சில போனா டிரைவர் எறங்கி வந்து சாத்துவான். கோயிலுக்குப் போனா பின்னால வாரவன் சாத்துவான்.”

“வீட்டுல?”

“கதவுல கயிறு கட்டிக் கல்லத் தொங்கவிட்டிருக்காவ. அது தானா இழுத்துச் சாத்திக்கிடும்.”

“என்ன குத்தம் பண்ணுனாவ?”

“அவுக பாட்டனுக்குப் பாட்டன் ஒருத்தன், கோட்டைக் கதவத் தொறந்து விட்டுட்டானாம்.”

சிராபெர்த் என்கிற அந்த ஊர் இரண்டு பள்ளத்தாக்குகளுக்கு நடுவில் ஆப்பு அடித்ததுபோல் உட்கார்ந்திருக்கிறது. இரண்டு பக்கமும் கிடுகிடு பாதாளம், அடியில் ஆறு. மூன்றாவது பக்கத்தில் மட்டும் சமதரை. அதை அடைத்துக் கறுப்புக் கல்லில் ஒரே ஒரு மதில், மதிலில் ஒரே ஒரு வாசல். மதிலைக் கட்டிய ராஜாவும் போனான், வரி வாங்கிய ராஜாக்களும் போனார்கள். பட்டுமூட்டையோடு வந்த வியாபாரிகள் குளித்த வெந்நீர்க்கூடம் இன்றைக்கும் பாதி நிற்கிறது. எண்ணூறு வருஷத்துக்கு முன்னால் கிழக்கிலிருந்து ஒரு குதிரைப்படை வந்து இந்த மதிலுக்கு வெளியே இரண்டு மாதம் உட்கார்ந்தது. உள்ளே பசி. ஒருநாள் விடியற்காலையில் வாசற்காவல்காரன் ஹ்ராஹாத் கதவைத் திறந்துவிட்டான், ஊர் எரிந்தது என்று புத்தகம் சொல்கிறது. புத்தகத்தை எழுதியது ஒரு துறவி. எழுதியது நாற்பது வருஷம் கழித்து, வேறு ஊரில் உட்கார்ந்து. மாடக்கண்ணுவுக்கு இது தெரிந்தபோது “ஓகோ” என்று மட்டும் சொன்னார்.

படை போன பிறகு, மிஞ்சிய சனம் அந்த வாசலைக் கல்லும் சுண்ணாம்புக் காரையும் வைத்து அடைத்துவிட்டது. அன்றைக்கு அடைத்தது அப்படியே இருக்கிறது; போகவர மதிலின் ஓரத்தை இடித்து வேறு வழி செய்துகொண்டார்கள். ஹ்ராஹாத்தின் சந்ததி கதவு சாத்தக் கூடாது என்கிற வழக்கமும் அப்படியே இருக்கிறது.

அந்த வாசலின் காரையைத்தான் மாடக்கண்ணு வெட்ட வந்திருந்தார்.

மின்சாரத் துளைப்பான் வைத்து வெட்டக் கூடாது. அதிர்வில் காரைக்குள் பதிந்திருக்கிற பழைய குரலெல்லாம் அழிந்துவிடும். உளியும் சின்னச் சுத்தியலும்தான், அதுவும் குழந்தையின் நகம் வெட்டுகிற பதத்தில். கல்குவாரியில் நாற்பது வருஷம் இருந்த கை. எஸ்தரின் கம்பெனி அந்தக் கைக்காகத்தான் மூன்றாம் வகுப்பு படித்த ஆளை விமானத்தில் ஏற்றி நாடு நாடாகக் கூட்டிக்கொண்டு அலைகிறது.

மறுநாள் காலை அவர் வாசலடைப்பின் முன்னால் மணைபோட்டு உட்கார்ந்து செதுக்கிக்கொண்டிருந்தார். ஷுஷானிக் பின்னால் வந்து நின்றாள். இரண்டு வருஷம் அந்த நாட்டில் இருந்ததில் பேச்சு அவருக்குப் பிடிபட்டிருந்தது.

“நேத்துச் சொன்னத மனசுல வச்சிக்கிடாதீங்க,” என்றார்.

“அதவிடப் பெருசெல்லாம் கேட்டாச்சு. இந்தக் காரைல பழைய குரல் எப்படிக் கேக்கும்னு எனக்குச் சொல்லு. அந்தப் பொண்ணு சொன்னது பாதி புரியல.”

“எனக்கும் பாதிதான் புரியும். சுண்ணாம்பு ஒரே நாள்ல இறுகாது. மாசக்கணக்கா காத்தக் குடிச்சுக் குடிச்சுத்தான் கல்லாகும். குடிக்கும்போது பக்கத்துல பேசுற சத்தத்தையும் சேத்துக் குடிச்சிருதாம். ஒருக்கச் சொன்னது நிக்காது. திரும்பத் திரும்ப அதையே சொன்னா நிக்கும்.”

“என் மாமியாரும் அப்படித்தான்,” என்றாள் ஷுஷானிக். “எத்தன தடவ போட்டுக் கேக்கலாம்?”

“ஒரே தடவ. மிஷின் சீவிச் சீவிக் கேக்கும். கேட்டு முடியும்போது கையில பொடிதான் மிஞ்சும்.”

அவள் வாசலைப் பார்த்தாள். வாசலுக்கு எதிரே சதுக்கம். சதுக்கத்தின் ஓரத்தில் பூட்டிக் கிடந்த ஒரு கடை.

“அது என் மக மாரோ எடுத்த கடை. ரொட்டிக்கடை போடணும்னு அடுப்பு வரைக்கும் கட்டிட்டா. நகரசபைல உரிமம் கேட்டா, சாயங்காலம் ஷட்டரை யார் இழுத்துச் சாத்துவாங்கன்னு கேட்டுச் சிரிச்சாங்க. லெவோனும்தான் சிரிச்சான். ஷட்டர்லயும் கல்லு கட்டித் தொங்கவிடுன்னான். ஞாயித்துக்கிழமை மாஸ்கோவுக்கு பஸ். பெட்டி கட்டியாச்சு. எங்க வம்சத்துல எனக்கு மிஞ்சினது அவ ஒருத்திதான், வார்பெத்.”

“இந்த வாசல வெட்டச் சம்மதம் வாங்குனது நீங்கதானாமே?”

“ரெண்டு வருஷம். வீடு வீடாப் போய்க் கையெழுத்து வாங்கினேன். நான் வெளிய வந்ததும் ஒவ்வொரு வீட்டுக்காரனும் எழுந்து வந்து கதவைச் சாத்தினான்.” அவள் சிரித்தாள். “ஏன் கையெழுத்துப் போட்டாங்க தெரியுமா? காட்டிக்கொடுத்த பய பேர் சொவத்துலேருந்தே வரும், காசு கொடுத்துக் கேக்க வெளிநாட்டுக்காரன் வருவான்னு.”

“அப்படியே வந்துட்டா?”

“வரட்டும். எண்ணூறு வருஷமா அடுத்தவன் சொல்லித்தான் கேட்டிருக்கேன். ஒரு தடவ நேராக் கேக்கறேன். அப்புறம் மாரோகூட நானும் பஸ் ஏறறேன்.”

மாடக்கண்ணு ஒரு சாண் நீளக் காரையைச் சேதமில்லாமல் பிரித்து எடுத்தார். மடியில் வைத்து இரண்டாக வகுந்தார். ஒரு பாதியை எஸ்தரின் பெட்டிக்குள் வைத்தார். மறு பாதியைத் துணியில் சுற்றித் தன் தூக்குச்சட்டிக்குள் போட்டு மூடினார். எதையும் முழுசாக ஒருத்தர் கையில் கொடுக்கிற பழக்கம் அவரிடம் இல்லை.

அதற்குக் காரணம் உண்டு. குவாரியில் வெடி வைக்கும்போது அவர் தம்பி சங்கிலி செத்தான். முதலாளியின் கணக்கப்பிள்ளை ஒரு தாளை வாசித்துக் காட்டினான். எல்லாம் சரியாக இருந்தது, இவர் கைநாட்டு வைத்தார். பிற்பாடு பள்ளிக்கூடத்து வாத்தியார் அதே தாளை வாசித்தபோது, சங்கிலி குடித்துவிட்டு வந்து தானே வெடியைக் கொளுத்திக்கொண்டான் என்று இருந்தது. சங்கிலி சோடாவைத் தவிர ஒன்றும் குடிக்காதவன். அன்றிலிருந்து யார் எதை வாசித்துக் காட்டினாலும் மாடக்கண்ணு வாசிக்கிறவன் வாயைப் பார்க்க மாட்டார், கையைப் பார்ப்பார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கொட்டகையில் ஐந்து பேர் கூடினார்கள். மாரோ கோட்டைக் கழற்றாமல் சுவரோரமாக நின்றாள். முப்பத்தெட்டு வயது, மாவு பிசைந்து தேறிய கை. லெவோன் நல்ல கழுத்துப்பட்டை கட்டி வந்திருந்தார். எஸ்தர் காரையை இயந்திரத்துக்குள் வைத்தாள். சீவுகிற சத்தம் எறும்பு சீனி தின்கிறதுபோல் கேட்டது. கால் மணி நேரம் போயிற்று.

பிறகு ஒலிபெருக்கியில் ஒரு ஆண் குரல் எழுந்தது. கணீரென்ற குரல், கோயிலில் வாசிக்கிறவன்போல நிறுத்தி நிதானமாக. பழைய மொழி. லெவோன் கண்ணை மூடிக்கொண்டு வரிவரியாக இன்றைய பேச்சில் சொன்னார்.

“விடியலில் ஹ்ராஹாத் வாசலைத் திறந்தான். அவன் கை சபிக்கப்படட்டும். அவன் வித்தில் பிறந்த எவனும் ஒரு கதவையும் சாத்தாதிருக்கட்டும்.”

குரல் நின்றது. இயந்திரத்தின் தட்டில் வெள்ளைப் பொடி இருந்தது.

ஷுஷானிக் மடியில் கோத்திருந்த கையைப் பிரிக்கவில்லை. மாரோ தாயின் தோளைத் தொட்டாள். “போலாம்மா. கேட்டாச்சுல்ல.”

“பாவம், ஷுஷானிக் ஜான்,” என்றார் லெவோன். ஜான் என்பது அவர்கள் பிரியமாகப் பேரோடு சேர்க்கிற சொல். “சொவரே சொல்லும்போது நாம என்ன பண்ண முடியும்?”

மாடக்கண்ணு லெவோனைப் பார்க்கவில்லை. எஸ்தரின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கை மேசை மேலிருந்த பேனாவை உருட்டிக்கொண்டே இருந்தது.

“டாக்டரம்மா,” என்றார் தமிழில். “மூணு வருசமா ஒங்க கூட வாரேன். கேக்காதத இன்னைக்குக் கேக்குதேன். அந்தக் குரல்ல காரை எம்புட்டு, மிஷின் எம்புட்டு?”

“இப்ப வேண்டாம் அண்ணாச்சி.”

“இப்பதான் வேணும்.”

எஸ்தர் பேனாவைப் பார்த்தே சொன்னாள். “காரைல துண்டு துண்டாத்தான் கெடைக்கும். நூத்துக்குப் பன்னெண்டு, பதிமூணு. நடுவுல வார பள்ளத்த மிஷின் தானா நெரப்பிக்கிடும்.”

“எத வச்சு நெரப்பும்?”

“அந்த ஊரப் பத்தி எழுதின புத்தகத்தையெல்லாம் முன்கூட்டியே அதுக்குக் குடுத்திருவோம். அத வச்சு.”

“இந்த ஊரு புத்தகம் யாரு குடுத்தா?”

அவள் லெவோனை ஒரு தடவை பார்த்தாள்.

“அப்ப அவரு எழுதினத அவரே வாசிச்சுக் காட்டியிருக்காரு,” என்றார் மாடக்கண்ணு. பிறகு எழுந்து நின்று இதையே ஆர்மீனியத்தில் சொன்னார். இலக்கணம் இடறியது, விஷயம் இடறவில்லை.

லெவோன் சிவந்துபோனார். “இந்த ஆளுக்கு என்ன தெரியும்? கல்லு ஒடைக்கிறவன். டாக்டர், நீங்க சொல்லுங்க.”

எஸ்தர் தட்டிலிருந்த பொடியைப் பார்த்தாள்.

“நெரப்பாம வெறும் காரைய மட்டும் கேக்க முடியுமா, முடியாதா?” என்றார் மாடக்கண்ணு.

“முடியும். ஆனா கம்பெனி விடாது. வெறும் இரைச்சலக் கேட்டா யாரு காசு குடுப்பான்னு கேப்பாவ. ஒப்பந்தத்துலயே எழுதியிருக்கு. என் வேல போயிரும் அண்ணாச்சி.”

“இதுக்கு முன்னால ஏழு ஊருக்குப் போனோம்.”

“ஆமா.”

“ஏழு ஊருலயும் அவுக புத்தகத்தத்தான் அவுகளுக்கே வாசிச்சுக் காட்டிட்டு வந்தோமா?”

பேனா உருளுவது நின்றது. கொட்டகையின் தகரத்தைக் காற்று தடதடவென்று ஆட்டியது. மாரோவுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் அவள் கோட்டின் பித்தானைப் போடுவதை நிறுத்திவிட்டு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“இனிமே ஒண்ணும் பண்ண முடியாது,” என்றாள் எஸ்தர். “காரை பொடியாப் போச்சு. ஒரு துண்டுக்குத்தான் சம்மதம் வாங்கியிருக்கு.”

மாடக்கண்ணு தூக்குச்சட்டியை மேசைமேல் வைத்துத் திறந்தார்.

“அந்த ஒரு துண்டுல பாதி.”

எஸ்தர் அதை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு இயந்திரத்தின் பின்பக்கம் போய் ஒரு இணைப்பைப் பிடுங்கிப் போட்டாள். லெவோன் குறுக்கே கை நீட்டினார். ஷுஷானிக் உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னாள்:

“உக்காரு, லெவோன். உனக்கு முன்னால சொவரு பேசட்டும்.”

அவர் உட்கார்ந்தார்.

இந்தத் தடவை கணீர்க் குரல் ஏதும் இல்லை. மழை பெய்கிறதுபோல் ஒரே இரைச்சல். இடையில் கல்லில் சுத்தியல் படுகிற சத்தம். ஒரு நாய். மறுபடி இரைச்சல். மாரோ பொறுமை இழந்து வாசல் பக்கம் திரும்பினாள். அப்போது இரைச்சலுக்குள்ளிருந்து ஒரு பேச்சு எழும்பி அமிழ்ந்தது. மறுபடி எழும்பியது, இன்னொரு வாயிலிருந்து. பொம்பிளைக் குரல். பிறகு கிழவன் குரல். பிறகு பிள்ளைகள் கூட்டமாக. ஒரே சொற்கள், ஒரே ஏற்ற இறக்கம், வேறு வேறு வாய்கள். அந்த வழியாகப் போன ஒவ்வொருவரும் நின்று சொல்லிவிட்டுப் போனதுபோல. மாதக்கணக்கில் சொன்னதுபோல.

ஷுஷானிக் எழுந்து ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் போனாள். அவள் உதடு அசைந்தது.

“என்ன சொல்லுதாவ?” என்று மாடக்கண்ணு கேட்டார். அவர் லெவோனிடம் திரும்பினார். “ஐயா, நீங்கதான் படிச்சவரு. சொல்லுங்க. கெழவியும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்காவ, மாத்திச் சொல்ல முடியாது.”

லெவோன் கழுத்துப்பட்டையைத் தளர்த்திக்கொண்டார். ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

“நீ சாத்தினது போதும், ஹ்ராஹாத். இனி நாங்க சாத்தறோம்.”

மறுபடி அதே வரி, ஒரு குழந்தையின் குரலில், மழலையாக. பிறகு இரைச்சல். பிறகு வெறும் பொடி.

மாரோ மேசைக்குப் பக்கத்தில் வந்தாள்.

“கதவத் தொறந்து விட்டவங்கிட்ட யாரும் இப்படிச் சொல்ல மாட்டாங்க,” என்றாள் மாரோ.

“அப்ப படை எப்படி உள்ள வந்துச்சு?” என்றார் லெவோன், யாரையும் பார்க்காமல். “ஆத்துப் பக்கம் ஏறி வந்திருப்பானோ... இங்க இவன் ஒருத்தன் செத்தும் கதவ விடாம... எனக்குத் தெரியல. நிஜமாத் தெரியல.” பிறகு, “என் புத்தகம் ஆறாவது பதிப்பு அச்சுல இருக்கு,” என்றார்.

கையை இழந்தானோ, உயிரை இழந்தானோ, காரை அதைச் சொல்லவில்லை. அவன் பிள்ளைகள் வரும்போது ஊர் எழுந்து போய்க் கதவைச் சாத்தியிருக்கிறது. நன்றிக்காகச் செய்தது. தலைமுறை நாலு போனதும் ஏன் சாத்துகிறோம் என்பது மறந்துவிட்டது. மறந்த இடத்தில் ஒரு காரணம் வேண்டுமே. எங்கேயோ இருந்த துறவி ஒன்றை எழுதிக் கொடுத்தான். பிடித்துக்கொண்டார்கள்.

ஷுஷானிக் கோட்டைச் சரிசெய்துகொண்டு வாசலுக்குப் போனாள். கதவைத் திறந்தாள், வெளியே கால் வைத்தாள், திரும்பினாள். நிமிர்ந்து நின்றபோது அவள் அவ்வளவு உயரம் என்பது மாடக்கண்ணுவுக்கு அப்போதுதான் தெரிந்தது.

“வா, லெவோன். வந்து சாத்து. உன் பாட்டன் கொடுத்த வாக்கு. இன்னும் எண்ணூறு வருஷம் சாத்துங்க.”

லெவோன் நிஜமாகவே எழுந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கதவை நோக்கி நடந்தார். மாரோ அவர் முன்னால் போய் நின்றாள்.

“வேண்டாம்.”

“மாரோ, இது நம்ம மரியாதை,” என்றாள் தாய்.

“உனக்கு மரியாதை. எனக்குக் கடை வேணும்மா. அவங்க திட்டிச் சாத்தினாலும் கும்பிட்டுச் சாத்தினாலும் சாத்தறது அவங்கதானே? என் கதவ நான் சாத்திக்கறேன்.”

அவள் கைப்பிடியைப் பிடித்துத் தள்ளினாள். கதவு படாரென்று நிலையில் மோதித் திரும்பி வந்து அவள் முட்டியில் இடித்தது. எவ்வளவு வேகம் வேண்டும் என்பது அவளுக்குத் தெரியவில்லை. முப்பத்தெட்டு வருஷமாகச் செய்யாத வேலை. இரண்டாவது தடவை மெதுவாகத் தள்ளினாள், தாழ் ஏறவில்லை. லெவோனின் கை தானாக நீண்டது. “வுடும்வே,” என்றார் மாடக்கண்ணு தமிழில், நீண்ட கை திரும்பிப் போய்விட்டது. மூன்றாவது தடவை டக்கென்று தாழ் விழுந்தது.

வெளியே நின்ற கிழவி கதவைத் தட்டினாள். “ஏ, என்ன வெளிய வச்சுச் சாத்திட்டியே.”

மாரோ சிரித்துக்கொண்டே திறந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் இரண்டு இடம் காலியாகப் போயிற்று. பெரிய அதிசயம் ஒன்றும் நடந்துவிடவில்லை. ஊரில் பாதிப் பேர் விஷயத்தைக் கேள்விப்பட்டு, பணம் வாங்கிக்கொண்டு மாற்றிவிட்டார்கள் என்றார்கள். உரிமம் வரப் பத்து நாள் ஆனது. அந்தப் பத்து நாளும் மாரோ காலையில் போய் நகரசபை வாசலில் உட்கார்ந்தாள், சாயங்காலம் எழுந்து அங்கே இருந்த கதவை எல்லாம் சாத்திவிட்டு வந்தாள். பத்தாம் நாள் லெவோனே தாளைக் கொண்டுவந்து கொடுத்தார். எஸ்தருக்கு வேலை போயிற்று என்று கம்பெனியிலிருந்து ஓலை வந்துவிட்டது. அவள் கவலைப்படவில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் ராத்திரியும் பகலுமாக, மிஷின் நிரப்பியதைச் சொல்லி ஏழு ஊருக்கும் கடிதம் எழுதினாள், ஒவ்வொன்றையும் மாடக்கண்ணுவுக்கு வாசித்துக் காட்டிவிட்டுத்தான் அனுப்பினாள். அவர் அவள் கையைப் பார்த்தார். கை ஆடவில்லை.

வெட்டிய இடத்தை மூடாமல் அவர் ஊர் திரும்பமாட்டேன் என்றுவிட்டார். சுண்ணாம்பைக் குழைத்து, கரணையால் அழுத்தி, ஈரச்சாக்கு போட்டு, தினமும் தண்ணீர் தெளித்தார்.

“இது இறுக எத்தன நாளாகும் அண்ணாச்சி?” என்று எஸ்தர் கேட்டாள்.

“மேலாக்க இருவது நாளு. உள்ளுக்குள்ள வருசக்கணக்குல ஆகும். அதுவரைக்கும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கும். வாயப் பாத்துப் பேசணும்.”

எதிரே கடையில் ரொட்டி தீர்ந்துவிட்டது. வேடிக்கை பார்க்கவென்று பத்துப்பன்னிரண்டு பேர் சதுக்கத்தில் நின்றார்கள், நேற்றைவிடக் குறைவு. மாரோ வெளியே வந்து, குதித்து ஷட்டரின் கொக்கியைப் பிடித்து, தன் முழு பாரத்தையும் போட்டு இழுத்தாள். கடகடவென்று இறங்கித் தரையில் இடித்தது. அந்தச் சத்தம் சதுக்கத்தைத் தாண்டி வந்து மதிலில் மோதியது.

நேற்றும் இதே நேரம். முந்தாநாளும் இதே நேரம்.

மாடக்கண்ணு ஈரச்சாக்கைக் கொஞ்சம் விலக்கிவிட்டார், காரைக்கு நன்றாகக் கேட்கட்டும் என்று.